வேலம்மா வாங்கும் கூலி

பாயை மிதிக்காமல் ஓரத்திலேயே நின்றுகொண்டு வேலம்மா கையை நீட்டுகிறாள். பாயில் கிடப்பவனுக்குக் காய்ச்சல் அனலாய் அடிக்கிறது. அவன் பெண்டாட்டி மூக்கைச் சிந்திக்கொண்டே, "நின்னுக்கினே கீறியே, தொட்டுப் பாருக்கா" என்கிறாள். வேலம்மா அசைய வேண்டுமே! "மொதல்ல கூலி. நீ குடுக்காத. அவரு கையால குடுக்கச் சொல்லு." நோயாளி முனகியபடி தலைமாட்டைத் துழாவி எதையோ எடுத்து நீட்டுகிறான். அது உள்ளங்கையில் விழுந்ததும் கண்ணில் ஒற்றிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகி உட்காருகிறாள். உட்கார்ந்துவிட்டால் அப்புறம் ஆள் தேறும்வரை, இல்லை போய்ச்சேரும்வரை, அவளை அங்கிருந்து கிளப்ப யாராலும் ஆகாது.

பழவேற்காட்டில் சீக்காளி பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. மருந்து கொடுப்பதில்லை; அது வைத்தியர் பாடு. இவள் கழுவுவாள், துடைப்பாள், புரட்டிப் படுக்கவைப்பாள், கஞ்சித் தண்ணீரை ஊட்டுவாள், ஈ விரட்டுவாள். ஊரில் யாரும் சீக்கில் விழாத நாட்களில் ஏரித் தண்ணீரில் குந்திச் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பாள். கட்டை குட்டையான உடம்பு, கணீரென்ற குரல், வாயில் ஓயாத புகையிலை. ஒல்லாந்தர் என்னும் டச்சுக்காரர்களின் கோட்டைக்குள் காய்ச்சலில் கிடக்கும் தொப்பிக்காரச் சிப்பாய்களும் இவளைக் கூப்பிட்டு அனுப்புவதுண்டு. அவர்கள் பாஷை இவளுக்குத் தெரியாது, இவள் பாஷை அவர்களுக்குத் தெரியாது. கையை நீட்டினால் மட்டும் எல்லாருக்கும் புரிந்துவிடுகிறது.

நோயாளியின் முகத்தை அவள் முதலில் பார்ப்பதில்லை. குதிகாலைப் பார்ப்பாள், எத்தனை நாளாகப் புரட்டாமல் போட்டிருக்கிறார்கள் என்பது அங்கே தெரியுமாம். பிறகு குடிக்கிற பானைக்குள் மூக்கை விட்டு மோந்து பார்ப்பாள். கடைசியில்தான் சுற்றி உட்கார்ந்திருக்கும் சொந்தபந்தங்கள் பக்கம் திரும்புவாள். "உசுரு உள்ள கீறப்பவே இன்னா ஒப்பாரி? எயுந்து போய் வாசல்ல குந்துங்க." நோயாளியையும் கொஞ்சுவது கிடையாது. "நடிக்காத, முயுங்கு" என்று அவள் போடும் அதட்டலுக்கே பாதிக் கஞ்சி உள்ளே போய்விடும். தேறி எழுந்தவர்கள் பிறகு சந்தையில் அவளைக் கண்டால் அந்த அதட்டலை ஒரு தடவை கேட்டுப் போகலாமே என்று வலியப் போய்ப் பேச்சுக் கொடுப்பார்கள்.

ஆனாலும் ஊர் அவளுக்கு வைத்த பெயர் காசுப்பேய். சாகக் கிடப்பவனிடம் கை நீட்டுகிறவளை வேறு எப்படிச் சொல்வார்கள்? இதை அவள் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர் ஒருவர்தான் உண்டு. கோட்டைக்குள் இருக்கும் கிறிஸ்தவக் கோவிலின் உபதேசியார் ஞானதாஸ். நோயாளிகளிடம் போய் ஜெபம் சொல்வது அவர் வேலை. அதனால் இருவரும் அடிக்கடி ஒரே பாயின் இரு பக்கங்களில் மாட்டிக்கொள்வார்கள்.

"இதுக்கெல்லாம் எரக்கம் வேணும் வேலம்மாக்கா. கூலிக்கு மாரடிக்கிற வேலையா இது?"

"உமக்குக் கோட்டையில மாசாமாசம் அரிசி அளக்கறாங்களே உபதேசியாரே, அத்த ஏரியிலயா கொட்டறீரு?"

"அது ஜெபத்துக்குக் குடுக்கறது இல்லக்கா. எம் புள்ளைங்க வயித்துக்கு."

"எனுக்கும் வயிறு கீது."

ஞானதாஸ் சிரித்துவிடுவார். அவருக்கு அந்த நல்ல குணம் உண்டு. வருஷக்கணக்காக இந்த ஒரே சண்டையை இருவரும் வெற்றிலை மாதிரி மென்றுகொண்டிருக்கிறார்கள்.

வயிறு ஒரு காரணந்தான். மற்றதை அவள் ஒரே ஒருமுறை, வாய் தவறினாற்போல் அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவள் புருஷன் கருப்பன் படகு மோதி இடுப்பு ஒடிந்து பாயில் கிடந்தான். சோற்றுக்காக அவள் ஏரிக்குப் போக வேண்டும். அக்கம்பக்கத்துப் பெண்கள் பாவப்பட்டு மாறி மாறி வந்து பார்த்துக்கொண்டார்கள். நல்ல பெண்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சாயங்காலம் அவள் திரும்பும்போது அவன் உதடு வெடித்துக் கிடக்கும். "ஒரு தபா தண்ணி குடுத்தாங்க. பாவம்னு வந்தவங்ககிட்ட இன்னொரு தபா எப்பிடிக் கேக்கறதுன்னு, கேக்காமயே கெடந்துட்டாரு மனுசன். கூலி குடுத்திருந்தா அதட்டிக் கேட்டிருப்பாரு இல்ல?" இதைச் சொல்லிவிட்டுப் புகையிலையைத் துப்ப எழுந்து போனவள் வெகுநேரம் திரும்பவில்லை.

உபதேசியாரும் சும்மா விட்டவரில்லை. வலைக்காரக் கிழவர் சுப்பன் வயிற்றுப்போக்கில் கிடந்தபோது வேலம்மாவைக் கூப்பிட ஆள் அனுப்பவே இல்லை. கொடுக்க ஒன்றுமில்லையே என்ற கூச்சம். செத்தபின்தான் செய்தி வந்தது. "ஒங் கையைப் பாத்து பயந்தே ஒருத்தன் செத்தான்கா" என்றார் ஞானதாஸ். வேலம்மா அன்றைக்கே குப்பம் குப்பமாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்: காசுதான் வேண்டும் என்றில்லை, ஒரு இறால் போதும், ஒரு மட்டிச் சிப்பி போதும், புளியங்கொட்டை ஆனாலும் சரி. கையால் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இன்றைக்கு அவள் சுருக்குப்பையைக் கவிழ்த்தால் காசை விடச் சிப்பிதான் அதிகம் விழும்.

கையால் கொடுப்பதில் அவள் எத்தனை பிடிவாதம் என்பதைத் துணி வியாபாரி வீரராகவன் வீட்டைக் கேட்டால் சொல்லுவார்கள். அவருடைய தகப்பனார் பக்கவாதத்தில் விழுந்தார். மகன் நல்ல கூலியாகவே எடுத்து நீட்டினார். வேலம்மா தொடவில்லை. பெரியவரின் வலது கை விளங்கவில்லை, இடது கையால் கொடுப்பது ஆகாது என்று வீட்டார் பதறினார்கள். "ஆண்டவன் அதைத்தான வுட்டு வச்சிருக்கான்" என்று அந்த இடது கையில் மகனைக் காசை வைக்கச் சொல்லி, அதிலிருந்து வாங்கிக்கொண்டாள். மறுநாளே பெரியவர் குழறிக் குழறித் தன் விருப்பத்தைச் சொன்னார். உள்ளறை வேண்டாம், தறிச் சத்தம் கேட்கும் தெருப்பக்கம் போட வேண்டும். போட்டாள். வாய் கோணிய தகப்பனை ஊர் பார்க்கிறதே என்று மகன் குதித்தார். "யாரு காசு வாங்கினன்னு மறந்துட்டியா?" என்றார். "மறக்கல. உங்க நைனா கையி குடுத்த காசு" என்று சொல்லிவிட்டுப் பெரியவரின் தலையணையைச் சரிசெய்தாள்.

ஒரு வருஷம் உள்நாட்டில் பெரும் பஞ்சம். நெல் விளைந்த ஊர்களிலேயே பெற்றவர்கள் பிள்ளைகளை விற்றார்கள். தரகர் எல்லப்பன் வாங்கினார். வாங்கியவர்களைக் கரையோரச் சரக்குக் கிட்டங்கியில் அடைத்துவைத்து, கப்பல் வந்ததும் கடல் தாண்டி அடிமைகளாக அனுப்புவது அவர் வியாபாரம். சொல்லவே வாய் கூசுகிறது. ஆனால் ஊரே பார்த்துக்கொண்டுதான் இருந்தது, நாமும் இருந்திருந்தால் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்போம்.

அந்தக் கிட்டங்கியில் குப்பம்மா என்கிற கல்யாண வயசுப் பெண் காய்ச்சலில் விழுந்தாள். எல்லப்பன் வேலம்மாவை அழைத்துப்போய்க் காட்டினார். கையில் ஒரு தங்க வராகன். வேலம்மா அதுவரை வராகனைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. அவள் குடிசைக் கூரை வேறு போன புயலில் பாதி பறந்துபோயிருந்தது.

"வாடைக் காத்து திரும்பறதுக்குள்ள கப்பல் கெளம்பும். அதுக்குள்ள இவ சொந்தக் கால்ல நடந்து தோணி ஏறணும். இந்தா, புடி."

வேலம்மா பாயோரம் நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அது உங்க காசு தரகரே. அவ கையால குடுக்கணும்."

எல்லப்பன் சிரித்தார். "அவகிட்ட இன்னா கீது? அவளே என் காசுதான்."

வேலம்மா பாயைப் பார்த்தபடியே, "சரி, நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். வராகன் மிச்சமானதில் எல்லப்பன் சந்தோஷமாகவே போனார். போகிற போக்கில், ஏதாவது தில்லுமுல்லு செய்தால் அந்தப் பெண்ணுக்குப் பதில் அவளையே கப்பலில் ஏற்றிவிடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். விளையாட்டுக்குச் சொல்லும் ஆள் இல்லை அவர்.

"கூலி குடு" என்று வேலம்மா கையை நீட்டினாள்.

"எங்கிட்ட ஒண்ணுமே இல்ல அத்தே. இந்தத் துணிகூட அவருது" என்றாள் குப்பம்மா.

வேலம்மா சுருக்குப்பையைத் திறந்தாள். ஒரு துட்டை எடுத்து அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். "இது உன்னுது. குடுத்துட்டேன், இனிமே எனக்குப் பாத்தியதை இல்ல. வெளிய வீசணும்னா வீசு. எனக்குக் குடுக்கணும்னா குடு."

குப்பம்மா கையைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்து பார்த்தாள். விற்கப்பட்ட நாளுக்குப் பிறகு அவளுக்கென்று வந்த முதல் பொருள் அதுதான். உடனே கொடுத்துவிட அவளுக்கு மனமில்லை. வேலம்மா அவசரப்படுத்தவில்லை. கடைசியில் குப்பம்மாவே கையை நீட்டினாள். வேலம்மா அந்தத் துட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இப்ப நான் ஒனக்கு வேலைக்காரி. இன்னா ஓணும், சொல்லு தாயி."

"பொயைக்கணும் அத்தே. ஆனா கப்பலு போறவரைக்கும் தேறக்கூடாது."

இப்படி ஒரு உத்தரவை வேலம்மா வாழ்நாளில் வாங்கியதில்லை. "இது எந்த ஊரு சீக்குடி!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் கூலி வாங்கியாயிற்று. கஞ்சி ஊட்டினாள், நொச்சித் தழை போட்ட வெந்நீரில் உடம்பைத் துடைத்தாள், புரட்டிப் படுக்கவைத்தாள். காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. 'நடிக்காத' என்று ஊரையே அதட்டிய வாய், இப்போது அந்தப் பெண்ணின் காதோடு நடிப்புச் சொல்லிக்கொடுத்தது. "மூச்ச இய்த்து வுடு. கண்ண சொருவு. அடியே, சிரிக்காத, ரெண்டு பேரும் கப்பலேறிடுவோம்."

முகத்துவாரத்துக்கு வெளியே கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. கிட்டங்கியில் இருந்தவர்களைத் தோணிகளில் ஏற்றத் தொடங்கினார்கள். எல்லப்பன் உள்ளே வந்தார், கூடவே உபதேசியார் ஞானதாஸையும் அழைத்துக்கொண்டு.

"இவ மேல எனக்கு நம்பிக்கை இல்ல. நீரு பொய் பேசாதவரு. தொட்டுப் பாத்துச் சொல்லும். காய்ச்சல் வுட்டிருந்தா இப்பவே ஏத்தணும்."

குப்பம்மாவின் உடம்பு முந்தின நாளே குளிர்ந்திருந்தது. நெற்றியில் வேலம்மா ஈரத்துணி போட்டிருந்தாள். ஞானதாஸ் துணியைத் தொடவில்லை; பாயருகே மண்டியிட்டுக் கழுத்தடியில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. நிமிர்ந்து வேலம்மாவைப் பார்த்தார். அவள் சுருக்குப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் கப்பலேறுவதும் தான் ஏறுவதும் எல்லாம் இந்த மனுஷன் வாயில் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

"அனலா அடிக்குதுய்யா" என்றார் ஞானதாஸ். "தொத்திக்கிற காய்ச்சல் மாதிரித் தெரியுது. ஏத்தினா மத்தவங்களுக்கும் பரவும். பொயைக்கிறது சந்தேகந்தான்."

எல்லப்பன் காறித் துப்பினார். "பேஜாரு! பொணத்துக்கு நான் கஞ்சி ஊத்த முடியாது. நீயே தூக்கினு போ, செத்தா நீயே பொதைச்சிக்கோ." கதவை உதைத்துக்கொண்டு வெளியேறினார்.

தோணிகள் கிளம்பும் சத்தம் கேட்டது. கூடவே மற்றவர்களின் அழுகையும் கேட்டது. அது முகத்துவாரம் தாண்டித் தேய்ந்தது. வேலம்மா அழுதாள். ஒருத்தியைத்தான் பிடித்துவைக்க முடிந்தது.

மண்டியிட்டிருந்த ஞானதாஸ் தரையில் உட்கார்ந்துவிட்டார். "பொய் சொல்லிட்டேன்கா" என்றார்.

வேலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைத் திறந்தாள். சிப்பிகளை ஒதுக்கி அதே துட்டைத் தேடி எடுத்தாள். அதைக் குப்பம்மாவின் கையில் வைத்து, உபதேசியார் பக்கம் தாடையால் காட்டினாள். குப்பம்மா தானாகவே எழுந்து உட்கார்ந்தாள். கையை நீட்டினாள்.

"எனக்கு எதுக்கும்மா—" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. ஞானதாஸ் இரண்டு கைகளாலும் அந்தத் துட்டை வாங்கி, கண்ணில் ஒற்றி, மேல்துண்டின் முனையில் வைத்து முடிந்தார். அவிழ்ந்துவிடக் கூடாதே என்று அதன்மேல் இன்னொரு முடிச்சும் போட்டார்.