டாக்டரம்மா சொன்ன இடம்

ஊசி போட்ட கையோடு மிட்டாயும் கொடுப்பதால் அவருக்கு 'மிட்டாய் டாக்டரம்மா' என்று பெயர் விழுந்திருந்தது. சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று தன் சிறு கிளினிக்கில் குழந்தை வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர். போர் நெருங்கியதும் ஊர் ஆஸ்பத்திரியின் அறுவைசிகிச்சை டாக்டர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். கடைசியாகக் கிளம்பிய பெரிய டாக்டர் காரில் ஏறும்போது கூப்பிட்டார்.

"குழந்தை டாக்டருக்கு இனிமே இங்க என்னம்மா வேலை? நீங்களும் வாங்க."

"குழந்தைங்க யாரும் கிளம்பலையே சார்."

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். அன்றிலிருந்து அந்த ஊருக்கு அறுவை டாக்டர் அவர்தான். மூடிக்கிடந்த பள்ளிக்கூடத்தில் ஆஸ்பத்திரி நடந்தது. விஞ்ஞானக் கூடத்தின் கல்மேசையில் அறுவைசிகிச்சை. ரேடியோ ரிப்பேர்காரரான கணவர் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டார். முதன்முதலாக ஒருவரின் காலை வெட்டி எடுத்த அன்று டாக்டரம்மா வெளியே போய் வாந்தி எடுத்தார். வாயைக் கழுவிக்கொண்டு வந்து அடுத்த ஆளைப் பார்த்தார்.

ஒருநாள் நிவாரண அமைப்பிலிருந்து போன் வந்தது. பேசியவன் இளைஞன், நல்லவன்.

"கட்டடத்தோட லொக்கேஷனைத் துல்லியமா அனுப்புங்க டாக்டர். ரெண்டு தரப்புக்கும் குடுத்துடுவோம். ஆஸ்பத்திரின்னு தெரிஞ்சா தொட மாட்டாங்க. சட்டமே இருக்கு."

அனுப்பினார். போதாததற்கு மொட்டை மாடியில் பெரிதாகச் சிவப்புச் சிலுவையும் வரையச் சொன்னார். அன்றைக்கு எல்லோர் முகத்திலும் ஒரு தெளிவு. நர்ஸுகள் பல நாள் கழித்துத் தலைக்குக் குளித்தார்கள். டாக்டரம்மாவே தெருவில் வீடு வீடாகப் போனார். "பிள்ளைங்களை அங்க கொண்டு வந்து படுக்க வைங்க. இனி இந்த ஊர்லயே பத்திரமான இடம் அதுதான்" என்றார். மாடி வகுப்பறைகள் நிரம்பின.

நாத்தனாரைத்தான் அசைக்க முடியவில்லை. கணவரின் தங்கை, கல்யாணம் வேண்டாமென்று தனியாக இருந்தவள், நாக்கு கொஞ்சம் நீளம்.

"நல்லா இருக்கறவ எதுக்கு அண்ணி ஆஸ்பத்திரிக்கு வரணும்? வந்தா காய்ச்சல்தான் வரும்."

"சமைக்க ஆள் இல்லடி. எனக்காக வா."

"அப்படிக் கேளுங்க. பத்திரம் கித்திரம்னு என்னைப் பயமுறுத்தாதீங்க." முணுமுணுத்துக்கொண்டே தன் பெரிய பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வந்த மறுநாளே பள்ளிக்கூடம் அவள் கைக்குள் வந்துவிட்டது. டாக்டரம்மாவுக்கே தட்டில் சோற்றைப் போட்டு, தின்று முடிக்கும்வரை எதிரில் நிற்பாள்.

அடுத்த வாரம், வெயில் ஏறிய ஒரு காலையில், டாக்டரம்மா வாசலில் ஒருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டதாகக்கூட அவருக்கு நினைவில்லை. எழுந்தபோது வாயெல்லாம் சுண்ணாம்புத் தூள். திரும்பிப் பார்த்தார். மாடி இல்லை. மாடி இருந்த இடத்தில் வானம் தெரிந்தது.

இடப்பக்கம் தையல் கடை. அதன் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. வலப்பக்கத்து வீட்டுக் கொடியில் துணி அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. தவறி விழுந்த குண்டு இப்படி விழாது. முதலில் மண்டையில் உறைத்தது அதுதான். இடம் தெரிந்து போட்டிருக்கிறார்கள். இடத்தைச் சொன்னது யார்?

கை மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்தது. இடிபாட்டிலிருந்து தூக்கி வரப்பட்டவர்களுக்கு அங்கேயே தெருவில் ரத்தத்தை நிறுத்தினார், தைத்தார். தான் வீடு தேடிப் போய் அழைத்து வந்த குழந்தைகளின் முகங்களைத் துடைத்து, வரிசையாகப் படுக்கவைத்துப் போர்த்தினார். எந்தத் தாயும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டார்.

சாப்பாட்டை மாடிக்குக் கொண்டுபோயிருந்த நாத்தனாரின் உடலை மத்தியானம்தான் எடுத்தார்கள். ஜெனரேட்டர் கொட்டகையில் தரையில் உட்கார்ந்திருந்த கணவரிடம் போய் டாக்டரம்மா நின்றார்.

"நான்தான் அவளைக் கூட்டிட்டு வந்தேன். நான்தான் இடத்தைச் சொன்னேன்."

கணவர் நிமிர்ந்து பார்த்தார். "நீயா குண்டு போட்ட?" என்றார்.

"இல்ல, நான்..."

"நீயா குண்டு போட்டன்னு கேட்டேன்." டாக்டரம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தெருவிலிருந்து யாரோ "டாக்டரம்மா" என்று கத்தியதும் எழுந்து ஓடினார்.

மறுநாள் துணிக்கடை ஒன்றின் நிலவறைக்கு ஆஸ்பத்திரி மாறியது. பலகை இல்லை, கொடி இல்லை. நிவாரண அமைப்பின் இளைஞன் மறுபடி போன் செய்தான்.

"தம்பி, நீங்க யார் யாருக்குக் குடுத்தீங்க?"

"ரெண்டு தரப்புக்கும் டாக்டர்... விதி அப்படித்தான். எனக்கு எதுவுமே புரியல. புது இடத்தோட லொக்கேஷன்..."

"அடிபட்டவங்க கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்துடறாங்க தம்பி. அது போதும்."

அப்படித்தான் வந்தார்கள், வாய்வழியாக, தள்ளுவண்டியில், கதவுப் பலகையில். போர் ஓயும்வரை அந்த நிலவறையை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பிற்பாடு விசாரணைக்கு வந்தவர்களிடம் நடந்தது முழுவதையும் சொன்னார். குறித்துக்கொண்டு போனார்கள். பதில் வரவில்லை.

பழைய கிளினிக்கைத் திறந்த முதல் நாள், ஒரு சின்னப்பெண் சட்டைப் பொத்தானை மூக்குக்குள் தள்ளிக்கொண்டு வந்தாள். எடுத்ததும், "அது என்னோடது, குடுங்க" என்று கையை நீட்டினாள். டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தது தான்தான் என்று தெரிந்ததும் திடுக்கிட்டு, கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.