பஸ் பத்தொன்பது

எங்கள் வர்ஜீனியா மலைப்பக்கத்தில் காருக்குப் பெயர் வைக்காதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நம்பர் பலகையில் ஏழு எழுத்துக்கு இடம். கொஞ்சம் கூடக் கட்டினால் இஷ்டப்பட்டதை எழுதிக்கொள்ளலாம். ஏழில் அடங்காவிட்டால் உயிரெழுத்துகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு மெய்யெழுத்துகளை மட்டும் வரிசையாக அடுக்குவார்கள். வாசிக்கிறவன் விக்கிச் செத்தாலும் அவர்களுக்குக் கவலை இல்லை. வண்டிப் பதிவு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கண்றாவியை எல்லாம் வாங்கிப் பதிகிறவள் நான். மான் வேட்டை, செத்துப்போன நாய், மூன்றாவது பெண்டாட்டி எல்லாமே என் கை வழியாகத்தான் போயிருக்கின்றன.

வெர்லின் ஸ்டிதம் அந்த ரகம் இல்லை. முப்பது வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடந்தவர். பத்து வார்த்தை பேசவேண்டிய இடத்தில் ஒன்று பேசுவார். போன மார்ச்சில் என் சன்னலுக்கு வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"ட்வைலா, எனக்கும் ஒண்ணு வேணும்."

"உங்களுக்கா? யாரு உங்க மண்டையில அடிச்சது?"

"எனக்கில்ல. ஓமாவுக்கு."

என் சிரிப்பு நின்றுவிட்டது. ஓமா அவருடைய மனைவி. இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். நானும் அந்த பஸ்ஸில் போனவள்தான். பின் சீட்டில் சூயிங்கம் ஒட்டினால், முன்னாலிருந்தே கண்ணாடியில் பார்த்துப் பெயர் சொல்லிக் கத்துவார். இப்போது அவருக்குப் புத்தி நழுவிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை மளிகைக் கடையில் வெர்லின் பணம் கட்ட நிற்கும்போது, ஓமா முன்னாலேயே போய் காரில் உட்கார்ந்துகொள்வது வழக்கம். இரண்டு தடவை யாரோ ஒருவருடைய சாம்பல் நிறக் காரில் போய் உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது தடவை பின் சீட்டில் கைக்குழந்தை. பெற்றவள் ஊரைக் கூட்டிவிட்டாள், போலீஸ் வந்தது. ரோனோக்கில் இருக்கும் மகள் டார்லா, இன்னொரு தடவை இப்படி நடந்தால் அம்மாவை முதியோர் விடுதியில் சேர்த்துவிடுவேன் என்று சொல்லிவிட்டாள்.

"வெளிய கூட்டிட்டுப் போகாம இருங்களேன்" என்றேன்.

"அழறா ட்வைலா. அந்த ஒரு நாளுக்காகத்தான் வாரம் பூரா காத்திருக்கா." தொப்பியைத் திருகினார். "அவளுக்கு எழுத்து மட்டும் இன்னும் போகல. பால் டப்பா, சோப்பு டப்பா, எதக் கண்டாலும் சத்தமா வாசிக்கிறா. தெரிஞ்ச வார்த்தையா இருந்தா நேரா நம்ம வண்டிக்கு வந்துருவா."

சரி என்று கம்ப்யூட்டரில் தட்டினேன். ஓமா என்ற பெயரைக் கடற்கரைப் பக்கம் யாரோ ஏற்கெனவே எடுத்திருந்தார்கள். "உங்க பேரு போடலாமா?" என்றேன்.

"அது சில நாள் தெரியுது. சில நாள் தெரியல."

வீட்டில் கூப்பிடுகிற செல்லப்பெயரைக் காது சிவக்கச் சொன்னார். சர்க்கரைக்கட்டியாம். ஏழுக்குள் நறுக்கி எழுதிக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"என்னாலேயே வாசிக்க முடியல, அவ எங்க வாசிப்பா?"

பின்னால் நின்றவன் ஒருத்தன், "அண்ணே, பிள்ளைக்குப் பேரு வைக்கிறீங்களா, வண்டிக்கா?" என்றான். அவனை நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று தோன்றியது.

"பஸ் பத்தொம்போது! அதப் போடுங்க!"

ஓமா ஓட்டிய பஸ்ஸின் நம்பர். வெர்லின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். "அத அவ செத்தாலும் மறக்கமாட்டா" என்றார். யாரும் எடுக்கவில்லை, கிடைத்துவிட்டது. அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. தேவாலயத்தில் கண்டவர்களிடமெல்லாம் என் சாமர்த்தியத்தைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

பலகை பலித்தது. கோடை முழுக்க ஓமா கடை வாசலில் நின்று, "பஸ் பத்தொம்போது" என்று வாசித்துவிட்டு நேராகத் தன் காருக்கே போனார். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

பஸ் என்றால் ஓட்டவேண்டிய வண்டி என்பது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. செப்டம்பரில் ஒருநாள் மதியம் இரண்டு மணிக்கு, வெர்லின் கொல்லையில் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது, ஓமா சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பழைய வழியிலேயே போயிருக்கிறார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று, கடைசியில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். அதை மூடி ஒன்பது வருஷம் ஆகிறது. காரில் ஒரு கீறல் இல்லை.

போலீஸ்காரரும் வெர்லினும் போய்ச் சேர்ந்தபோது நாலு கதவும் திறந்து கிடந்தனவாம், ஓமா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாராம். போலீஸ்காரரே என்னிடம் சொன்னார்.

"ஒரு பிள்ளையும் வரல. அத்தன பேரையும் நான் எங்க விட்டேன்?" என்று புலம்பினாராம் ஓமா.

"நான் வந்துட்டேன் ஓமா" என்றிருக்கிறார் வெர்லின்.

அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ யாரு வீட்டுப் பிள்ள? எந்த ஸ்டாப்பு?" என்று கேட்டாராம். வெர்லின் தன் அம்மா பெயரைச் சொல்லிவிட்டுப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாராம்.

டார்லா சொன்னபடியே அம்மாவை விடுதியில் சேர்த்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை வெர்லின் வந்தார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு பலகையையும் கழற்றிக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார்.

"பாக்கப் போனா அவ ரூம் சன்னலுக்கு நேராத்தான் வண்டிய நிறுத்தணும், வேற இடமில்ல. பலகையப் பாத்ததும் கத்துறா ட்வைலா. 'என் பஸ்ஸத் திருடிட்டு வந்துட்டான், அவன உள்ள விடாதீங்க'ன்னு. நர்சுங்க பாவம், அவ தணியட்டும், அப்புறம் வாங்கன்னு அனுப்பிடறாங்க. மூணு வாரமாச்சு அவ கையத் தொட்டு."

வேலைப் பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டது: "இப்ப என்ன எழுதணும் வெர்லின்?"

"ஒண்ணும் எழுதாத. வெறும் நம்பர் குடு. அவளுக்கு எதுவும் ஞாபகம் வரக்கூடாது."

இழுப்பறையில் மேலாக இருந்த ஜோடியை எடுத்துக் கொடுத்தேன்.