மேலாளர் வீட்டு அடுப்படி

இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருந்த பழைய துரை பங்களா இப்போது சுற்றுலா விடுதி. பட்டம் பெற்றும் வேலை கிடைக்காத நான் அங்கே வரவேற்பில் சேர்ந்தேன். பிரேசில் நாட்டவர் அதிகம் வரத் தொடங்கியதும் என்னைப் போர்த்துக்கீசம் படிக்கச் சொன்னவர் மேலாளர்தான். கைப்பேசியில் படித்தேன். நண்பருக்கு அறிவுரை சொல்வதற்கென்றே அதில் ஒரு பாடம் இருந்தது. 'ஸி எவு ஃபோஸி வொசே' என்று தொடங்க வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்று பொருள்.

அந்த மாதமே மேலாளர், மாலை நாலரைக்கு தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தைச் சுற்றிக் காட்டும் நிகழ்ச்சியைச் சேர்த்தார். கொழுந்து பறித்துத் திரும்பும் அம்மா அந்நேரந்தான் வாசற்படியில் அமர்ந்து, சேலையை முழங்கால்வரை ஏற்றி, அட்டை கடித்த இடங்களில் சவர்க்காரம் தேய்ப்பார். முதல் நாளே இரண்டு கமராக்கள் அவர் காலருகே குனிந்தன. ஒருவர் உள்ளே போய்ச் சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தார். மறுநாளிலிருந்து அம்மா கதவைச் சாத்திக்கொண்டு இருட்டுக்குள் கால் கழுவினார்.

"வீட்டுக்காரங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கூட்டிட்டுப் போகலாமே சார்," என்றேன்.

"லயத்துக்கு எதுக்கும்மா பெர்மிஷன்? நீ டிகிரி முடிச்சதும் ஒங்கம்மா காலு தங்கமாயிருச்சோ?"

சமையற்காரர்கள்வரை சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை மறக்க நான் முயலவில்லை. விளைவை எடைபோடாமல் எதையும் செய்யாதவள் என்பதால் ஒரு வாரம் யோசித்தேன். என் வேலை போகலாம். தோட்டத்தில் வேலை செய்யும் அம்மாவை அவரால் ஒன்றும் செய்ய முடியாது. விருந்தினரிடம் 'முடியாது' என்ற சொல்லே வரக் கூடாதென்று அலுவலகச் சுவரில் அவரே எழுதி ஒட்டியிருந்தார். எனக்கு அது போதும்.

பிரேசில் தம்பதி ஒன்று வந்தது. மேலாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, சிரித்த முகத்தோடு போர்த்துக்கீசத்தில் சொன்னேன்: "நான் உங்கள் இடத்தில் இருந்தால் லயத்துக்குப் போக மாட்டேன். பின்னால் இவர் வீடு இருக்கிறது, அடுப்படியைப் பாருங்கள். கூச்சத்தில் மறுப்பார், விடாதீர்கள். பானையைத் திறந்து பார்ப்பது இங்கே மரியாதை." கடைசி வாக்கியம் பொய்.

"என்னம்மா சொல்ற?"

"நம்ம ஊரப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சார்."

அவர்கள் மேலாளரிடம், வீட்டைக் காட்டும்படி ஆங்கிலத்தில் கேட்டார்கள். இரண்டு முறை மழுப்பினார். மூன்றாம் முறை, சுவரில் தான் ஒட்டியதைப் பார்த்தார், முகம் கறுத்தது. நானும் கூடவே போனேன்.

அவர் மனைவி நைட்டியோடு தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கமரா மின்னியது. பருப்புப் பானையின் மூடி திறந்தது.

"ஏங்க, யாருங்க இவங்க? சொல்லாம கொள்ளாம உள்ள வர்றாங்க!"

மேலாளர் தலையைக் குனிந்துகொண்டார். அது எனக்கு இனித்தது. ஆனால் அந்த அம்மாள் துவாயைத் தோளில் இழுத்துப் போர்த்தி, எங்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். எடைபோட்டபோது அவரை நான் நினைக்கவேயில்லை.

மறுநாள் காலை போய் நடந்ததையெல்லாம் சொல்லி, அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"ஒங்கம்மா வீட்டுக்குள்ளயும் இப்பிடித்தான் போனாங்களா?"

"ஆமாங்க."

அன்று மாலைக்குள் விடுதியின் நிகழ்ச்சிப் பலகையிலிருந்து லயம் அழிக்கப்பட்டிருந்தது. வீட்டில் என்ன நடந்ததென்று மேலாளர் சொல்லவில்லை. என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அவரிடம் நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கப்போவதுமில்லை. நாலரைக்கு அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வெளிச்சத்தில் கால் கழுவுகிறார்.