இருபத்தோரு பேர் ஏறிய ஜீப்

மொக்கம்மாளுக்கு ஐம்பத்தொன்பது வயதில் மலைவேலை நின்றுபோனது. முப்பத்திநாலு வருடம் சிலமலையிலிருந்து விடியுமுன் ஜீப்பேறி, போடிமெட்டு தாண்டிப் போய் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவள். ஏலம் செடியின் தூரில்தான் காய்க்கும். தூருக்குத் தூர் குந்திக் குந்தியே முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. இனி மலையேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சும்மா உட்கார அவளுக்கு ஆகாது. வெளியூரில் பீங்கான் கலை படித்துவிட்டு வந்த சுகன்யா என்ற பெண், போடியில் பழைய ஏலக்காய் ஸ்டோர் ஒன்றைப் பிடித்துப் பட்டறை போட்டிருந்தாள். மலைமேல் இருக்கும் லாட்ஜுகளுக்குக் கோப்பையும் தட்டும் செய்து கொடுப்பாள். அங்கே கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மொக்கம்மாள் சேர்ந்தாள்.

இரண்டாம் மாதம் ஒருநாள், மேசையில் வழித்துப்போட்ட மண்ணை அள்ளப் போனவள் அள்ளவில்லை. நின்றவாக்கில் ஒரு முகம் பிடித்தாள். தலையில் துண்டு, ஒட்டிய கன்னம், மழைக்கு இடுக்கிய கண். சுகன்யா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பெரியம்மா, நாளையிலிருந்து பெருக்கி முடிச்ச நேரமெல்லாம் இதைச் செய்யுங்க."

மகன் முத்துப்பாண்டிக்கு இது பிடிக்கவில்லை. தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறவன் அவன்.

"பேரன் பேத்தி எடுத்த வயசுல பொம்மை செய்றியாமே. ஊர்ல சிரிக்கிறாய்ங்க."

"சிரிக்கட்டும்ப்பா. அட்டை கடிக்கக் கடிக்க மழைக்குள்ள காய் எடுத்தேன், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல. இப்பப் பார்க்குறாங்கல்ல, பார்க்கட்டும்."

அடுத்த வருடம் ஒரு ஜீப் செய்ய உட்கார்ந்தாள். முதல் ஜீப் சூளைக்குள் வெடித்துச் சில்லுச் சில்லாகப் போனது. உள்ளே வெற்றிடம் விடாமல் கெட்டியாகப் பிடித்ததுதான் கோளாறு என்று சுகன்யா காட்டினாள். மறுபடியும் தொடங்கி, ஒவ்வொரு பொம்மையாக அடிவயிற்றிலிருந்து குடைந்தெடுத்தாள். முன்னால் நாலு பேர், பின்னால் மடிமேல் மடியாகப் பதினாலு, படியில் தொற்றிக்கொண்டு மூன்று. இந்தமுறை சூளையிலிருந்து முழுசாக வெளியே வந்தது.

கோப்பை வாங்க வந்த லாட்ஜ்காரர் ராஜாராம் அதைப் பார்த்துவிட்டு நகரவில்லை.

"நல்லாருக்கும்மா. நம்ம லாட்ஜு வாசல்ல வைக்கலாம். ஆனா ஒரு எட்டுப் பேரு போதும். கொஞ்சம் சிரிச்ச மொகமா செஞ்சு கொடுங்க, வர்றவங்க போட்டோ எடுப்பாங்க."

"எட்டுப் பேரோட எந்த ஜீப்பு ஐயா மேட்டுக்குப் போகுது? தூக்கம் தெளியாம ஏறுறவ எப்படிச் சிரிப்பா?"

"பொம்மைதானம்மா."

"உங்களுக்குப் பொம்மை. எனக்கு அதுல எடம் பிடிச்ச வருசம் முப்பத்திநாலு."

ராஜாராம் முகம் கடுத்தது. கோப்பையை வேறு இடத்தில் பார்த்துக்கொள்வதாகச் சுகன்யாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மொக்கம்மாள் கையைக் கழுவினாள். "உனக்குச் சங்கடம்னா நான் நின்னுக்கிறேன் ஆத்தா. ஆனா அதுல ஒருத்தியையும் எறக்க மாட்டேன்."

சுகன்யா ஆர்டர் நோட்டைத் திறந்து பார்த்தாள். பட்டறைக்கு அவர்தான் பெரிய ஆர்டர். பிறகு எழுந்து, ஜீப்பின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். "அந்தப் பக்கம் பிடிங்க பெரியம்மா. வாசல்ல ரோட்டைப் பார்க்க வைப்போம்."

ராஜாராம் திரும்பி வரவேயில்லை. மூன்று மாதம் பட்டறை இழுத்துப் பறித்துத்தான் ஓடியது. ஆனால் வேலை முடிந்து இறங்கும் ஜீப்புகள் வாசலில் நிற்கத் தொடங்கின. பாண்டியம்மாள் என்ற காய் எடுக்கும் பெண் படியில் தொங்கும் பொம்மையைத் தொட்டு, "இது நானு" என்றாள். அவள் யாரிடமும் கேட்கவில்லை, தானே முடிவுகட்டிவிட்டாள். மற்றவர்களும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டார்கள்.

அவர்களை இறக்கிவிட வந்த முத்துப்பாண்டி டிரைவர் பொம்மையைக் குனிந்து பார்த்தான்.

"என்னைய எதுக்கும்மா இதுல இழுத்த?"

"நீதான ஓட்டுற."

நாலு நாள் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், படியில் ஆள் ஏற்ற மாட்டேன் என்று ஆளைத் திணித்து ஏற்றச் சொல்லும் தோட்டத்துக் கங்காணியிடம் சொல்லிவிட்டதாகச் சோற்றுத் தட்டைப் பார்த்தபடியே சொன்னான். அவள் குழம்பை ஊற்றினாள்.

இப்போது அவள் அந்தக் கங்காணியைச் செய்துகொண்டிருக்கிறாள். குடை பிடித்து, நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, ஆள் உயரத்துக்கு. இவ்வளவு பெரிசு சூளைக்குள் அடங்காது என்று சுகன்யா தலையில் கைவைத்தாள்.

"துண்டு துண்டாச் செஞ்சு சுடுவோம் ஆத்தா. அந்த ஆளைச் சிறுசா மட்டும் செய்ய மாட்டேன்" என்று மொக்கம்மாள் அடுத்த உருண்டையைப் பிசைந்தாள்.