அப்பா வீட்டில் இருந்த கிறிஸ்மஸ்

அம்மா இறந்த பிறகு பல வருடங்கள் எந்தக் கிறிஸ்மஸிலும் அப்பா வீட்டில் இருந்ததில்லை. அவரிடம் ஒரு வெள்ளை வேன் இருந்தது. ஹட்டனிலிருந்து கொழும்புக்கும் கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கும் ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் தொழில். டிசம்பர் வந்துவிட்டால் குளிர் பார்க்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. ஒரு ஹயர் சவாரி முடிந்து வேனைக் கழுவுவதற்குள் அடுத்த ஹயருக்கு ஃபோன் வந்துவிடும். வராவிட்டால் அவரே கூப்பிட்டுக் கேட்பார்.

கொட்டகலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளாக இருந்த லயத்தின் கடைசி வீடு எங்களுடையது. அதற்கு முந்தினதில் அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, தனியாக இருந்தார். அம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர். காய்ச்சல் என்று படுத்து, டிக்கோயா ஆஸ்பத்திரியில் சில வாரங்கள் கிடந்து, அங்கேயே போய்விட்டார். அப்போது தங்கச்சிக்கு மழலைகூடத் தீரவில்லை. அதன் பிறகு நாங்கள் இருவரும் அத்தை வீட்டில் சாப்பிட்டு, அத்தையோடு படுத்து, அங்கிருந்துதான் பள்ளிக்கூடம் போனோம். எங்கள் வீடு பூட்டிக் கிடக்கும். அப்பா வருகிற நாளில் மட்டும் கதவைத் திறந்து கூட்டிப் பெருக்கி வைப்போம்.

அப்பாவுக்குப் பாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் கொழும்பிலிருந்து எனக்கும் தங்கச்சிக்கும் இரண்டு கவுன் சட்டை, ஒரு பெரிய கேக் பெட்டி, டொஃபி எல்லாம் வந்துவிடும். இருபத்திரண்டாம் தேதி வாக்கில் யாராவது பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புவார். சட்டைகள்தான் எப்போதும் சின்னதாக இருக்கும். போன தடவை பார்த்த உயரத்தை மனதில் வைத்து வாங்குவார் போலிருக்கிறது. இடையில் நாங்கள் வளர்ந்திருப்போம். அத்தை ஓரத்தைப் பிரித்துப் பார்ப்பார், துணி போதாது, மடித்து வைத்துவிடுவார்.

ஃபெக்டரிக்குக் கீழே உள்ள வளைவில் அப்பா கியர் மாற்றுகிற சத்தம் எனக்குத் தெரியும். வேறு எந்த வேனும் அந்த இடத்தில் அப்படி இருமாது. தங்கச்சிக்கு அந்த வித்தியாசம் பிடிபடாது. எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் வாசலுக்கு ஓடுவாள். பிறகு ஒரு வருடம் வந்தபோது ஓடுவதையே நிறுத்திவிட்டாள். அதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்ல அவர் இருக்கவும் இல்லை.

நான் ஓ.எல். பரீட்சை எழுதி முடித்திருந்த வருடம் அது. கிறிஸ்மஸுக்கு முந்தைய நாள் விடியும்போதே அடைமழை. மதியத்துக்கு மேல் மழை விட்டு, மலை முழுக்கப் பனி இறங்கியிருந்தது. அத்தையின் அடுப்படியில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. நம்பாமல் இன்னொரு முறை காது கொடுத்தேன். பிறகு கையைக்கூடத் துடைக்காமல் வெளியே ஓடினேன்.

அப்பா இறங்கினார். பின்னாலேயே ஒரு கணவனும் மனைவியும், தங்கச்சி வயதில் ஒன்றும் அதற்குச் சின்னதாக ஒன்றுமாக இரண்டு பெண் பிள்ளைகளும் இறங்கினார்கள். நீர்கொழும்புக்காரர்கள், சிங்களமும் தமிழும் பேசுகிறவர்கள். அன்றைக்கு அப்பாவின் வேனை அமர்த்திய பார்ட்டி. தலவாக்கலைக்கு அப்பால் மண் சரிந்து நுவரெலியா ரோடு அடைபட்டிருந்தது. அவர்கள் பதிவு செய்திருந்த ஹோட்டல் சரிவுக்கு அந்தப் பக்கம். ஹட்டனுக்குத் திரும்பி எல்லா இடத்திலும் கேட்டுப் பார்த்தாயிற்று, ஒரு அறைகூட இல்லை. பிள்ளைகள் வேனுக்குள் குளிரில் நடுங்க ஆரம்பித்ததும் அப்பா வண்டியைத் தோட்டத்துப் பாதையில் திருப்பியிருக்கிறார்.

"இவங்க இன்னைக்கு நம்ம வீட்லதான் தங்குவாங்க" என்றார் அத்தையிடம். ஏதோ தப்புச் செய்துவிட்டவர் மாதிரி தலையைச் சொறிந்துகொண்டார். அத்தை சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

பூட்டிக் கிடந்த வீட்டில் ஈர வாடை. அடுப்பு ஜில்லென்று இருந்தது. சுவரில் அம்மாவின் படமும் அதற்குக் கீழே ஒரு சிலுவையும் தவிர வேறொன்றுமில்லை. வந்த பிள்ளைகளில் சின்னவள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் கிறிஸ்மஸ் இல்லையா என்று சிங்களத்தில் தன் அம்மாவிடம் கேட்டாள். அந்த அம்மா அவளை அதட்டினார். எங்களுக்கும் அது விளங்கியது. வாசற்படியில் நின்ற அப்பா உள்ளே வந்தார். பிறகு குனிந்து அந்தப் பிள்ளையிடம், இருக்கிறது, இனிமேல்தான் எடுத்து வைக்க வேண்டும் என்று சிங்களத்திலேயே சொன்னார்.

பரணில் ஒரு பிஸ்கட் பெட்டி இருந்தது. அம்மா இருக்கும்போது ஒவ்வொரு வருடமும் இறக்கியது. அதன் பிறகு அதை யாரும் தொட்டதில்லை. அப்பா ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தார். பழைய சேலைத் துண்டில் சுற்றிய, கிறிஸ்மஸ் குடிலுக்கு வைக்கிற மண் பொம்மைகள், ஒரு காகித நட்சத்திரம், கால் உடைந்த ஒரு ஆட்டுக்குட்டி. அந்தக் காலுக்கு அம்மா தீக்குச்சி வைத்து ஒட்டியிருந்தார். அப்பா அந்தச் சேலைத் துண்டை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். அத்தை வந்து அதை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார்.

பிள்ளைகள் மூன்று பேரும் மதில் ஓரத்தில் பாசி சுரண்டப் போனார்கள். நீர்கொழும்புக்காரர் கத்தியை வாங்கிக்கொண்டு அப்பாவோடு போய் சைப்ரஸ் கொப்பு ஒன்று வெட்டி வந்தார். நான் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினேன். அப்பா உதவ வந்தார். தன் சொந்த வீட்டு அடுப்படியில் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

"சீனி எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார்.

அத்தை வீட்டில் இருக்கிறது, நாங்கள் அங்கேதான் இருக்கிறோம் என்றேன். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அந்த வருடச் சட்டைகளும் வழக்கம்போல் முன்கூட்டியே வந்து அத்தையின் பெட்டியில் இருந்தன. பெரியவளாகிவிட்டேன் என்று என்னுடையதை நான் போட்டுப் பார்க்கவே இல்லை. தங்கச்சி ஆசையாகத் தன்னுடையதைப் போட்டுக்கொண்டு அப்பா முன்னால் வந்து நின்றாள். முழங்காலுக்கு மேலே நின்றது, தோளும் கையும் இறுக்கின. அப்பா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அவளை வேறு யாரோ வளர்த்துவிட்ட மாதிரி இருந்தது அவர் பார்வை. நீர்கொழும்பு அம்மா அவளைப் பக்கத்தில் இழுத்து, அவர்கள் ஊர்த் தமிழில் ஏதோ கொஞ்சிப் பேசி, தன் பெட்டியிலிருந்து ஊசி நூல் எடுத்தார். தன் மூத்த மகளின் பாவாடை ஒன்றிலிருந்து கரை பிரித்து இந்தச் சட்டைக்குக் கீழே வைத்துத் தைத்துக் கொடுத்தார். தைத்து முடிகிறவரை அப்பா அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

சாயங்காலம் அப்பாவுக்கு ஃபோன் வந்தது. மறுநாள் காலையில் ஹட்டன் ஸ்டேஷனில் ஒரு பார்ட்டி, நல்லதண்ணிக்குப் போக வேண்டும், அவர்கள் சிவனொளிபாத மலை ஏறி இறங்கியதும் போய்க் கூட்டி வர வேண்டும். பெரிய ஹயர். நீர்கொழும்புக்காரர்களுக்கு ரோடு திறக்க எப்படியும் மத்தியானமாகிவிடும், அதற்குள் ஆளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று அப்பா கணக்குப் போடுவார் என எனக்குத் தெரியும். தங்கச்சிக்கும் தெரியும். குடிலில் பாசி ஒட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

அப்பா கொஞ்சம் பொறுங்க என்று சொல்லி அந்த ஃபோனை வைத்தார். உடனே கீழ் லயத்தில் வேன் வைத்திருந்த இன்னொரு டிரைவரைக் கூப்பிட்டார். அவருடைய வண்டி ரொம்ப நாள் கராஜில் கிடந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தது. அந்த சீசனில் அவருக்கு ஒரு ஹயரும் அமைந்திருக்கவில்லை.

"நீயே போயிட்டு வா. நல்ல ஆளுங்க, நான் சொல்லிர்றேன்" என்றார் அப்பா. அந்தப் பக்கம் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். "இல்ல, எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. நான் வீட்ல இருக்கேன்."

நான் வீட்டில் இருக்கிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கிறிஸ்மஸ் காலையில் மேட்டு லயத்துக்கு மேலே உள்ள சின்ன மாதா கோவிலில் பூசை. மழையில் படி எல்லாம் சறுக்கியது. வழக்கமாக முடியாதவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அப்பாவின் வேனில் நாங்களே ஏறியது குறைவு, அது ஹயருக்கு உள்ள வண்டி. அன்றைக்கு அவர் லயம் லயமாகப் போய் நின்று, முழங்கால் வலிக்காரர்களையும் கைக்குழந்தைக்காரிகளையும் கூப்பிட்டு ஏற்றினார். பல தடவை போய்ப் போய் வந்தார். சீட்டெல்லாம் சேறு. கோவிலில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். தங்கச்சி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பி வந்து எங்கள் வீட்டு அடுப்பிலேயே கோழிக் குழம்பு வைத்தோம். மசாலாவை அப்பா அரைத்தார். மிளகை அள்ளிப் போட்டபோது அத்தை, அண்ணே காரம் கூடிரும், சின்னப் பிள்ளைகள் இருக்கு என்றார்.

"ஒங்க அண்ணி மொளகு கூடத்தான் போடுவா" என்றார் அப்பா.

அம்மாவைப் பற்றி அவர் பேசி எத்தனையோ காலமாகியிருந்தது. தங்கச்சிதான் கேட்டாள்.

"அம்மா எப்புடிப்பா சிரிப்பாங்க?"

அவளுக்கு அம்மாவின் முகம் சுவரில் இருக்கிற படம்தான். அப்பா அரைப்பதை நிறுத்தினார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

"வாயப் பொத்திக்கிட்டுத்தான் சிரிப்பா" என்றார். "முன்பல்லு ஒண்ணு லேசா ஒடஞ்சிருக்கும். சின்னப் புள்ளைல தண்ணி புடிக்கப் போயி, தண்ணி கொட்டுற பீலியடியில வழுக்கி விழுந்தது. அதான் போட்டோவுலயும் வாய மூடிக்கிட்டே இருக்கா. நான் ஒருக்காத்தான் அவ வாயத் தொறந்து சிரிச்சுப் பாத்தேன். பெரியவ பொறந்தன்னைக்கி."

பெரியவள் நான்தான். எனக்கே அது தெரியாது. புகை என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்பா மறுபடி அரைக்கத் தொடங்கினார், அரைத்துக்கொண்டே அம்மாவைப் பற்றி இன்னும் இன்னும் சொன்னார். நீர்கொழும்பு அம்மா எங்களோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். அக்கம்பக்கத்தில் சாமி கும்பிடுகிறவர்கள், ஜெபக்கூட்டம் போகிறவர்கள் என்று எல்லா வீட்டுக்கும் அன்று எங்கள் வீட்டிலிருந்து குழம்பு போனது. அப்பாவே கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

மத்தியானத்துக்கு மேல் ரோடு திறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அவர்களை ஏற்றிக்கொண்டு போகும்போது அப்பா எங்களையும் ஏறச் சொன்னார். தங்கியதற்கு அவர்கள் நீட்டியதை அப்பா வாங்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் பனி. தங்கச்சி பின் சீட்டில் தூங்கிப்போனாள். முன்னால் உட்கார்ந்திருந்த நான், இத்தனை வருடம் ஏன் வரவில்லை என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

அப்பா ஒரேயடியாக மாறிவிட்டார் என்று சொன்னால் பொய். இரண்டு நாள் கழித்து மறுபடி ரோட்டில்தான் இருந்தார். ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கிறிஸ்மஸிலும் வீட்டைப் பூட்டி வைக்கவில்லை. நாங்களும் மெல்ல மெல்ல அத்தையையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே திரும்பிவிட்டோம்.

பல வருடம் கழித்து, எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்து, சாமான்களோடு அவர் என்னைக் கொண்டுபோய் விடும்போதுதான், அத்தனை வருடம் ஏன் வரவில்லை என்ற அந்தக் கேள்வியைக் கேட்டேன். இறம்பொடைப் பக்கம் ஒரு வேலையை முடித்துக்கொண்டு போனதால் கண்டி ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தோம். அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"வீட்டுக்கு வந்தா அவ இல்லைங்கிறது தெரிஞ்சு போகுது. ரோட்டுல இருந்தா, அவ வீட்ல இருக்கான்னு நெனச்சுக்கலாம்."

இப்போது அப்பா வண்டி ஓட்டுவதில்லை, பார்வை குறைந்துவிட்டது. தங்கச்சி கட்டாரில் இருக்கிறாள். டிசம்பரில் எனக்கு லீவு கிடைக்கிற வருடமும் உண்டு, கிடைக்காத வருடமும் உண்டு. கிடைக்காத வருடம் காலையிலேயே வீட்டுக்கு ஃபோன் பண்ணுவேன். அப்பா மெதுவாகத்தான் எழுந்து வருவார், மணி நிறைய நேரம் அடிக்கும். எனக்கு அவசரமில்லை. அவர் எடுக்கும்வரை அந்த அடுப்படியில் அம்மாவும் சேர்த்து அத்தனை பேரும் இருக்கிறார்கள், கை வேலையாக இருப்பதால் யாரும் இன்னும் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நிற்பேன்.