குதிரைக்கு ஒரு முழுப் பேர்

குதிரை மேல் உட்கார்ந்து போனால் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் கூரைகள் கண்மட்டத்துக்கு வருகின்றன. தகரம் பறக்காமலிருக்க வைத்த கல், பழைய டயர், யாரோ வீசி மறந்த ஒற்றைச் செருப்பு. அப்படி ஒரு லயத்தில்தான் பிறந்தேன். கூரைக்குக் கீழே படுத்து மழையைக் கேட்டவளுக்கு, கூரையை மேலிருந்து பார்க்க நடுவயதும் ஒரு வாடகைக் குதிரையும் தேவைப்பட்டன.

உடப்புசல்லாவையில் புறப்பட்டு நுவரெலியா, ஹட்டன் வழியாகக் கினிகத்தேனைக்குக் கீழே ஒரு தோட்டத்தின் கடைசி டிவிஷன் வரை பயணம். அந்த டிவிஷனிலிருந்து பெரிய பள்ளிக்கூடத்துக்கு பஸ் கிடையாது. ஆற்றையும் காட்டையும் தாண்டி நடக்கிற பெண்பிள்ளைகளில் பாதிப் பேர் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு வேன் வேண்டும். கொழும்பில் என்னோடு வேலை செய்கிறவர்களும் அவர்களுடைய நண்பர்களும் சேர்ந்து வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். ஒரே நிபந்தனை: முழுத் தூரத்தையும் குதிரை மேல் கடக்க வேண்டும். இறங்கி இளைப்பாறலாம், சாப்பிடலாம், தூங்கலாம். இறங்கி நடக்கக் கூடாது. விளையாட்டாய்ச் சொன்னவர்கள்தான், ஆனால் சாயங்காலமானால் வீடியோ எங்கே என்று கேட்டார்கள்.

“நடந்தே போயிருக்கலாமே, இந்த வயசுல குதிரை எதுக்கு?” என்றாள் என் தங்கச்சி.

நடக்கிறவர்களுக்கு யார் வேன் தருவார்கள்? அந்தப் பிள்ளைகள் தினமும்தான் நடக்கிறார்கள்.

குதிரை, நுவரெலியா வாவிக்கரையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு வட்டம் போகிற பெண் குதிரை. ரேஸ் ஓடிய காலத்தில் நீளமாக ஒரு பெயர் இருந்ததாம். இப்போதைய குதிரைக்காரருக்கு அது ஞாபகமில்லை. அவர் சிங்களவர். எங்கள் தமிழையும் தன் சிங்களத்தையும் பிசைந்து பேசுவார். குதிரையை “துவே” என்றுதான் கூப்பிடுவார். மகளே என்று அர்த்தம். தீனி மூட்டை, வாளி, சாக்கு எல்லாவற்றையும் ஆட்டோவில் அடைத்துக்கொண்டு எங்கள் பின்னாலேயே ஊர்ந்து வந்தார்.

பாதை எனக்குப் பிடித்தது. எப்போதும் எங்காவது போய்க்கொண்டிருந்தால்தான் எனக்கு மூச்சு வரும். காலை மூடுபனியில் முதலில் அவளுடைய காதுகள் மட்டும் தெரியும், பிறகு பாதை, பிறகு மலை. எதிரே வரும் பஸ் ஹோர்ன் அடிக்க மறந்து ஓரமாக நிற்கும். மரக்கறி லொறிக்காரர் ஒருவர் ஜன்னல் வழியே ஒரு கட்டு கரட்டை நீட்டிவிட்டு, அதில் ஒன்றைத் தானே கடித்துக்கொண்டு போனார். நுவரெலியாவை விட்டு இறங்க இறங்கக் குளிர் கழன்றது. மழையும் அட்டையும் வந்தன. அட்டை ஏறாமலிருக்கக் குதிரைக்காரர் அவளுடைய கால்களில் சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டு, என் காலுக்கும் ஒரு துண்டு கொடுத்தார்.

மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்கள் எங்களைப் பார்த்தால் போதும்.

“ஏய், துரைசாணி வாறாங்க டோய்! ரோட்ட விடுங்கடி!”

“துரைசாணியம்மா, துரை எங்க, வீட்டுல சமைக்கிறாரா?”

“இல்லாத துரைக்கு எங்க போறது!” என்று நானும் கத்துவேன். மலை முழுக்கச் சிரிக்கும்.

தலவாக்கலைப் பக்கம் ஒரு வளைவில், பாதையோரம் சோற்றுப் பெட்டியைத் திறந்திருந்த ஒருத்தி கேட்டாள்: “அக்கா, இந்தக் குதிரைக்குப் பேரு உண்டா?”

“பேரெல்லாம் இல்ல தங்கச்சி. துவேன்னு கூப்பிடுறாரு.”

அவள் வாயிலிருந்த சோறு தெறித்தது. “அந்தப் பேரு இல்லக்கா! நாள் பேரு! இம்புட்டுத் தூரம் நடக்குதே, பேரு போடுவாங்களான்னு கேட்டேன்.”

எனக்கு முகம் சுட்டது. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து குறைந்தாலோ நேரம் பிந்தினாலோ அரைப் பேர். என் அம்மா இருட்டோடு போய் இருட்டோடு வந்தது அந்தப் பேருக்காகத்தான். கொழும்பில் இருந்து இருந்து, பேர் என்றால் எனக்குப் பெயர் மட்டும் என்றாகியிருந்தது.

கடைசி நாள் மத்தியானம் அந்தப் பாலத்துக்கு வந்தோம். அக்கரையில் கொழுந்து நிறுக்கும் மடுவம், அதற்கு மேலே டிவிஷன். நடுவில் மழையில் பெருத்த ஆறு. இரும்புச் சட்டத்தின் மேல் குறுக்காகப் பலகை அடித்த பாலம் அது. பலகைக்குப் பலகை கையகல இடைவெளி. அதற்குள்ளே கலங்கல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் முன்னங்கால் ஒன்றை வைத்தாள். கீழே பார்த்தாள். காலை எடுத்துவிட்டாள்.

குதிரைக்காரர் ஆட்டோவை விட்டு ஓடிவந்து கடிவாளத்தைப் பிடித்தார். “பய வெண்ட எபா துவே, பயப்பட வேணாம்.” கெஞ்சினார், கரட் காட்டினார், கண்ணைத் துணியால் மூடிப் பார்த்தார். மூடியதும் உடம்பெல்லாம் நடுங்கத் தொடங்கினாள். அவிழ்த்துவிட்டார். “மிஸ், எறங்குங்க. நான் சும்மா பிடிச்சிட்டுப் போய்ப் பாக்கிறேன். மிஸ் நடந்து வாங்க.”

நடந்து வாங்க. பாலம் முப்பது நாற்பது எட்டுதான் இருக்கும். யாருக்குத் தெரியப் போகிறது என்று மனம் சொன்னது. ஆனால் இறங்க என் கால் அசையவில்லை.

அதற்குள் பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். எல்லார் தலையிலும் கொழுந்து மூட்டை. அவர்களும் பாலத்தைக் கடந்தால்தான் நிறுவை. குதிரை உதைக்குமோ என்று யாரும் கிட்ட வரவில்லை.

“என்னாங்கடி அங்க வேடிக்க?” என்று அக்கரை மடுவத்துக்குள்ளிருந்து கங்காணி கத்தினார். “நிறுவை முடியுது! பிந்துனா அரைப் பேருதான், சொல்லிட்டேன்!”

“குதிர நிக்குதுங்கய்யா!”

“குதிரையா? குடிச்சிருக்கியா நீ?”

முன்னால் நின்ற தடித்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “துரைசாணியம்மா, எறங்கி நடங்களேன். எங்க பொழப்பு போகுது.”

இறங்கினால் வேன் இல்லை என்று சொன்னேன். எந்த வேன் என்று கேட்டாள். பள்ளிக்கூட வேன் என்றேன். அவள் முகம் மாறியது.

“எங்க டிவிஷனுக்கா? எம் மக எட்டாப்பு படிக்கிறா. அடுத்த வருசத்தோட நிறுத்திரலாம்னு அவங்கப்பா சொல்லிக்கிட்டிருக்காரு.” மூட்டையைத் தரையில் போட்டாள். “அப்ப எறங்காதீங்க. செத்தாலும் எறங்காதீங்க.”

“சாகச் சொல்லாத அக்கா, பாவம்,” என்றாள் இன்னொருத்தி.

தடித்தவள் பாலத்தையும் குதிரையின் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இடுப்பில் செடி கிழிக்காமலிருக்கக் கட்டியிருந்த படங்கை அவிழ்த்துப் பலகை மேல் விரித்தாள். தண்ணீர் மறைந்தது.

“பாத்துக்கிட்டு நிக்காம அவுத்துப் போடுங்கடி!”

“அரைப் பேருடி!”

“என் அரைப் பேர நீ எடுத்துக்க. போடு!”

நீலப் படங்கு, உரச்சாக்கில் தைத்த படங்கு, ஒட்டுப் போட்ட படங்கு. குதிரைக்காரர் தன் சாக்குகளையும் கொண்டுவந்தார். பாதிப் பாலத்துக்குத்தான் போதுமாயிருந்தது. குதிரைக்காரர் குதிரையை மெல்ல இழுத்தார். அவள் படங்கை முகர்ந்தாள். தேயிலையும் வியர்வையும் மணத்திருக்கும். ஒரு கால். இன்னொரு கால். அவள் கடந்த படங்கைப் பின்னாலிருந்து எடுத்துக் கைமாற்றி முன்னால் போட்டார்கள். “உதைக்கும்டி, உதைக்கும்டி” என்று அலறிக்கொண்டே எடுத்தார்கள். நான் பிடரி மயிரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் அடியில் ஒரு பாதை பின்னால் சுருண்டு முன்னால் விரிந்துகொண்டிருந்தது.

கங்காணி மடுவத்தை விட்டுப் பாலத்து முனைக்கே வந்துவிட்டார். திடீரென்று, “எடது பக்கம் ஓட்டை தெரியுது பாரு! அத மூடு!” என்றார்.

கடைசிப் பலகையைத் தாண்டியதும் அவள் உடம்பை ஒரு உதறு உதறினாள். குதிரைக்காரர் அவள் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டார். பெண்கள் குளம்படிச் சேறு பட்ட படங்குகளைக் கட்டிக்கொண்டு, மூட்டைகளை எடுத்துவர ஓடினார்கள்.

“யாருக்கும் அரைப் பேரு இல்ல, முழுப் பேருதான், போங்க,” என்றார் கங்காணி, யாரையும் பார்க்காமல்.

“குதிரைக்கும் ஒரு பேரு போடுங்கய்யா!” என்றாள் தடித்தவள்.

“அதுக்குப் பேரென்னா?”

“பேர் ஒண்ணும் இல்ல,” என்றார் குதிரைக்காரர்.

“பேரில்லாததுக்கு எப்படிப் பேரு போடுறது?”

“நீங்க போடுங்க. பேரு தன்னால வந்திரும்,” என்றாள் தடித்தவள்.

போன பள்ளித் தவணையிலிருந்து வேன் ஓடுகிறது. ஒருநாள் நானும் ஏறிப் போனேன். பாலத்தில் டிரைவர் மெதுவாக்கினார். பலகைகள் தடதடத்தன. ஜன்னலோரம் இருந்த பிள்ளை கீழே தண்ணீரைப் பார்த்தாள். பாலத்தில் முதல் படங்கை விரித்தவளின் சாயல் அப்படியே இருந்தது. ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் மடியில்.

“பயமா இல்லையா?” என்று கேட்டேன்.

“குதிரையே வந்திருச்சு, டீச்சர்,” என்றாள்.

நான் டீச்சர் இல்லை. திருத்தவில்லை.