கறம்பக்குடியின் கப்பல் இன்ஜினியர்

கறம்பக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வெள்ளைச்சாமி என்ற, உழுது பிழைக்கும் சம்சாரியின் மூத்த மகன் ஆத்மநாதன். சென்னையில் இன்ஜினியரிங் படித்த நாலு வருஷத்தில் கடற்கரைக்கு இரண்டு தரம் போய்க் கால் நனைத்திருந்தான். கடலுக்கும் அவனுக்கும் இருந்த சம்பந்தம் அவ்வளவுதான். அவனுக்கு வேண்டியது கண்மாய். ஊர்க் கண்மாய் இரண்டு வருஷம் வறண்டு கிடக்கும், மூன்றாம் வருஷம் நிறைந்த கையோடு உடைத்துக்கொள்ளும். இதற்கு ஒரு வழி சீமையில் தெரியாமலா இருக்கும் என்று நம்பினான். வயது அப்படி.

அந்தப் பக்கம் ராஜா ஆண்ட சமஸ்தானமாக இருந்த கடைசி வருஷத்தில், வெளிநாடு போய் நீர்ப்பாசனம் படிக்க உதவி கேட்டு மனுப் போட்டான். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. காகிதக் கட்டுகள் லாரியேறித் திருச்சிக்குப் போயின, அங்கிருந்து சென்னைக்குப் போயின. வழியில் ஏதோ ஓர் அலுவலகத்தில், யாரோ ஒரு புண்ணியவான், மங்கிப்போன எழுத்தைப் பார்த்துப் புதிதாக டைப் அடித்தார். ‘இரிகேஷன்’ என்று இருந்தது ‘நேவிகேஷன்’ ஆகிவிட்டது. உத்தரவு வந்தபோது ஆத்மநாதன் கப்பல் சாஸ்திரம் படிக்க இங்கிலாந்து போக வேண்டியவனாக இருந்தான்.

பதறிக்கொண்டு திருச்சிக்கு ஓடினான். அங்கே ஹெட் கிளார்க் பிச்சைமுத்து உத்தரவை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“ரெண்டுலயும் தண்ணிதானே தம்பி இருக்கு?”

“சார், நான் கேட்டது கண்மாய்த் தண்ணி சார்.”

“திருத்தணும்னா பைல் திரும்ப மேல போகணும். மேல போன பைல் கீழ வந்து நான் பார்த்ததில்ல. ஒங்களுக்குச் சீமைக்குப் போகணுமா, எழுத்தத் திருத்தணுமா? ஒண்ணு சொல்லுங்க.”

ஆத்மநாதன் சீமைக்குப் போனான். பம்பாயில் கப்பலேறிய அன்றைக்கே வாந்தி எடுக்க ஆரம்பித்தான். ஏடன் வரைக்கும் கப்பலைப் பற்றி அவன் கற்றுக்கொண்டது, எந்தப் பக்கம் குனிந்தால் காற்று திருப்பி அடிக்காது என்பது ஒன்றைத்தான்.

நியூகாசில் நகரத்துக் கல்லூரியில் இன்னொரு குழப்பம் காத்திருந்தது. நேவிகேஷன் என்பது மாலுமிகள் படிப்பது, இன்ஜினியர் படிப்பதில்லை என்றார் பேராசிரியர். திருப்பி அனுப்பவும் அவருக்கு மனமில்லை. அதற்குக் கிட்டத்தில் இருந்தது கப்பல் கட்டும் படிப்பு. அதில் உட்கார வைத்தார். ஆத்மநாதன் அன்றிரவே சர்க்காருக்கு எழுதினான்: நான் நீர்ப்பாசனம் கேட்டவன், தயவுசெய்து பாடத்தை மாற்ற வேண்டும். பதினாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. கோரிக்கை அனுதாபத்தோடு பரிசீலிக்கப்படும், போன மார்ச் முப்பத்தொன்றுக்குள் விண்ணப்பிக்கவும் என்று இருந்தது.

அதற்குள் அவனுக்குக் கப்பல் பிடித்துப்போயிருந்தது. அதுதான் வேடிக்கை. பனியில் விரல் விறைக்க ஆற்றங்கரைத் தளத்தில் நின்று, நாலாயிரம் டன் இரும்பு மிதப்பதற்கு எது காரணம் என்று கணக்குப் போடுவதில் ஒரு ருசி கண்டுவிட்டான். சாப்பாட்டில் அந்த ருசி கிடைக்கவில்லை. அவித்த உருளைக்கிழங்கைத் தின்று தின்று, ஆளே அந்த நிறத்துக்கு வந்துவிட்டதாக அப்பாவுக்கு எழுதினான். வெள்ளைச்சாமி ஆள் வைத்துப் பதில் எழுதினார்: “நிறம் இருக்கட்டும். கம்மாயப் பத்தி எப்ப சொல்லிக் குடுப்பாக?”

நாலு வருஷம் கழித்து, கப்பல் கட்டுவதில் முதல் வகுப்புப் பட்டத்தோடு திரும்பினார். இனி ‘ர்’ போட்டுத்தான் எழுத வேண்டும், சீமைப் பட்டம் அல்லவா! போகும்போது கொடுத்த பத்திரப்படி அஞ்சு வருஷம் சர்க்காரில் வேலை பார்த்தாக வேண்டும். சர்க்காரிடம் கட்டுவதற்குக் கப்பல் இல்லை. யோசித்து யோசித்து, குன்றாண்டார்கோவில் பக்கத்துக் கண்மாய்களைக் கவனிக்கும் செக்ஷன் ஆபீசராகப் போட்டது. ஆக, ஆத்மநாதனுக்கு அவர் கேட்ட நீர்ப்பாசனமே கிடைத்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை: நீர்ப்பாசனம் படிக்காதவர் என்பதால் பதவி உயர்வு கிடையாது.

விராலிமலையிலிருந்து பெண் எடுத்தார்கள். பெயர் பிரகதாம்பாள். மாப்பிள்ளை கப்பல் கட்டுகிறவர் என்று கேள்விப்பட்டு அவள் அப்பா பூரித்துப்போய், கட்டிய கப்பலில் ஒன்றைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். பிரகதாம்பாள் கல்யாணமான மூன்றாம் நாள் நேரடியாகவே கேட்டுவிட்டாள்.

“நெசமாவே கப்பல் கட்டத் தெரியுமாங்க?”

“தெரியும்.”

“பெறகு ஏன் இங்கிட்டு வந்து மடைக்குப் பலகை போட்டுக்கிட்டு இருக்கீங்க?”

அவர் இரிகேஷன் கதையை முழுக்கச் சொன்னார். அவள் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அவரும் சிரித்தார். அஞ்சு வருஷத்தில் அவர் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தது அதுவே முதல் தடவை.

ஐம்பத்தேழு ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை கொட்டியது. வேப்பங்கரைக் கண்மாய் நிறைந்து, அதன் தென்கரையில் இருந்த குடியிருப்பைச் சுற்றித் தண்ணீர் வளைத்துக்கொண்டது. நாற்பத்தொரு பேர். கரை எந்த நேரமும் உடையும் நிலையில் இருந்தது. ஆத்மநாதன் மேலதிகாரி ரெங்கராஜுக்கு ஆள் அனுப்பிப் படகு கேட்டார். படகு வேண்டுமானால் முறையாக எழுதிக் கேட்க வேண்டும், மூன்று நகல்களில் என்று பதில் வந்தது.

பக்கத்தில் ரோட்டு வேலைக்காக வைத்திருந்த காலித் தார் டிரம்கள் பன்னிரண்டு கிடந்தன. ஆத்மநாதன் வேட்டியை மடித்துக் கட்டினார். பனங்கட்டைகளை அடுக்கி, டிரம்களை மூடி அடைத்து, ஏற்றக் கயிற்றால் பிணைக்கச் சொன்னார். கூலியாள் மூக்கனுக்கு நம்பிக்கை இல்லை.

“சாமி, இது கவுந்துருமுங்க.”

“கவுறாது. எட்டுப் பேருக்கு மேல ஏறினா மட்டும் கவுறும்.”

“அதெப்படி எட்டுன்னு சொல்றீங்க?”

“அதுக்குத்தான்டா சர்க்கார் என்னைய நாலு வருஷம் சீமையில வச்சிருந்துச்சு.”

ஆறு நடையில் நாற்பத்தொரு பேரும் வந்து சேர்ந்தார்கள். ஏழாவது நடை ஆடுகளுக்கு. கடைசி ஆடு இறங்கி ஒரு மணி நேரத்தில் கரை உடைந்தது. உடைந்த சத்தத்தைக் கேட்டதும் ஆத்மநாதன் மூக்கனோடு சேர்ந்து டிரம்களின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

பத்தாம் நாள் அலுவலகத்திலிருந்து மெமோ வந்தது. கேள்விகள் மூன்று. ரோட்டு வேலைக்கான டிரம்களை எந்த உத்தரவின் பேரில் தண்ணீரில் போட்டீர்? கண்மாயில் கலம் செலுத்த எந்த விதி அனுமதிக்கிறது? கலம் கட்டுவதற்கு உமக்குத் தகுதி உண்டா?

மூன்றாம் கேள்வியைப் படித்ததும் ஆத்மநாதன் உற்சாகமாகிப் பட்டத்தின் நகலை இணைத்து அனுப்பினார். அதுதான் தப்பு. அதைப் பார்த்த பிறகே, கப்பல் படித்தவரைக் கண்மாய்க்கு நியமித்தது யார் என்று மேலே ஆராயத் தொடங்கினார்கள். ரெங்கராஜ் நேரில் வந்து வருத்தப்பட்டார்.

“ஏங்க, ‘தகுதி இல்லை, மன்னிக்கவும்’னு ஒரு வரி எழுதியிருந்தா அதோட முடிஞ்சிருக்குமே!”

விசாரணை இரண்டு வருஷம் நடந்தது. டிரம்களை எண்ணிப் பார்த்துப் பதினொன்றுதான் தேறியதாக அதில் கண்டுபிடித்தார்கள். ஆட்களை எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஆத்மநாதனுக்குக் கோபம் வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. பத்திரக் காலம் முடிந்த அன்று பிரகதாம்பாள், “பெட்டியக் கட்டிட்டேன், வாங்க போவோம்” என்றாள்.

“எங்க?”

“கப்பல் இருக்கிற ஊருக்கு.”

கல்கத்தா பக்கம் சரக்குத் தோணியும் சின்னக் கப்பலும் கட்டுகிற ஒரு கம்பெனியில் இடம் கிடைத்தது. கம்பெனி அவருடைய அனுபவத்தைக் கவனமாகப் படித்துப் பார்த்தது. அஞ்சு வருஷம் கண்மாய். சரி என்று தொழிலாளர் குடியிருப்புக்குக் குடிதண்ணீர் விடுகிற பொறுப்பைக் கொடுத்தது. முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதைச் சொன்ன கணவரிடம் பிரகதாம்பாள், “குழாய்ல தண்ணி வருதான்னு பாருங்க, காலையிலருந்து வரல” என்றாள்.

குழாயைச் சரி செய்தார். ஒன்றரை வருஷம் ஊர்க் குழாய் அத்தனையும் சரி செய்தார். கப்பலுக்கு வரைபடம் போடும் பிரிவில் ஒருவர் ஓய்வு பெற்றதும், சளைக்காமல் மனு மேல் மனுவாகப் போட்டு அந்த நாற்காலியைப் பிடித்தார். அந்த முறை டைப் அடிப்பவரின் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார்.

அறுபத்து மூன்றில், அடிப்பகுதியின் வரைபடத்தில் அவர் கையெழுத்திட்ட முதல் கப்பல் ஆற்றில் இறங்கியது. பெரிய மனிதர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். ஆத்மநாதனும் பிரகதாம்பாளும் கடைசியில், மரப்பெட்டி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்கள்.

“இதுல ஒங்க வேலை எதுங்க?”

“அடியில. இனிமே கண்ணுக்குத் தெரியாது.”

அவள் கப்பலையே பார்த்தாள். அது வழுக்கிக்கொண்டு போய், ஒரு பக்கம் சாய்ந்து, நிதானப்பட்டு நின்றது. கூட்டம் கை தட்டியது. ஆத்மநாதன் கை தட்டவில்லை. உதடு அசைய, சாய்ந்த கோணத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நிக்குதுல்ல?” என்றாள் பிரகதாம்பாள்.

“நிக்குது.”

“அப்ப கீழ எறங்குங்க. லட்டு குடுக்குறாக, தீந்துரும்.”